பீப்பாய்க்குள் பத்துக் குதிரை

வீட்டில் சொந்தமாக ஒரு சவுனா இருக்கும்போது, பெண்டாட்டி சனிக்கிழமைதோறும் துண்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போகிறாள் என்றால், அந்த வீட்டு ஆண்பிள்ளையை என்னவென்று சொல்வது? ரெய்னோ ஹௌதலா என்று சொல்லலாம். அதைவிடக் கேவலமான வார்த்தை ஹெரான் ஏரிக்கரையில் அப்போது கிடையாது.

மிச்சிகனின் வடக்கு மூலையில் இருக்கிற அந்த ஏரியைச் சுற்றி முப்பது வீடுகள். எல்லாம் பின்லாந்திலிருந்து வந்து, சுரங்கம் தோண்டி, மரம் வெட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளை குட்டிகள். எங்கள் ஆட்கள் வீடு கட்டுவதற்கு முன்னால் சவுனாவைத்தான் கட்டுவார்கள். ஒரு கல்லடுப்பு, படிபோல மூன்று பலகை, ஒரு வாளித் தண்ணீர். சூடான கல்லில் தண்ணீரை ஊற்றி, எழும்புகிற ஆவியில் உட்கார்ந்து வியர்த்தால் வாரத்து அழுக்கும் போகும், வாரத்துச் சண்டையும் போகும். ரெய்னோவின் தாய் அவனைப் பெற்றதே அந்தச் சவுனாவில்தான். தான் பிறந்த இடத்தையே மோட்டார் கொட்டகையாக்கிய மகாராஜன் அவன்.

முப்பத்தோரு வருஷம் அவன் பனி தள்ளுகிற லாரி ஓட்டினான். ஊர் ரோட்டுப் பனியையெல்லாம் ஒழுங்காகத் தள்ளி, அவரவர் வீட்டு வாசலில் சுவர் மாதிரி குவித்துவிட்டுப் போவான். லாரி மக்கர் செய்தால் பார்க்க வேறு ஆள் இருந்தான். ரெய்னோ இன்ஜின் மூடியைத் திறந்தால் அந்த ஆள் கையைத் தட்டிவிடுவான். அந்த வயிற்றெரிச்சலோ என்னவோ, ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பழைய படகு மோட்டாரைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான்.

"கராஜ்ல குளுரு. கை வெறைக்குது. இந்த ஒரு பனிக்காலம் மட்டும் சவுனாவுல வச்சுப் பாத்துக்கறேன்" என்றான்.

அந்த ஒரு பனிக்காலம் பதினோரு வருஷமாக நீண்டது. படகின் பின்பலகையில் மாட்டுவதற்கென்று மோட்டாருக்கு இரண்டு திருகுப்பிடி இருக்குமல்லவா, அதை வைத்துச் சவுனாவின் மேல் பலகையில் வரிசையாக மாட்டிவிட்டான். ஒன்பது மோட்டார்கள். வியர்க்க வந்து உட்கார்ந்த கிழவர்கள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். அவற்றில் ஓடுகிற மோட்டார் எத்தனை என்று கேட்டால், "எல்லாமே ஓடும், கொஞ்சம் வேலை பாக்கி" என்பான்.

அவன் பெண்டாட்டி லெம்பி, பக்கத்து வீட்டு வில்பர்ட் கார்வோனெனின் சவுனாவுக்குப் போனாள். வெறுங்கையோடு போக முடியாது. ஒரு வாரம் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி, ஒரு வாரம் வண்டியில் நாலு விறகு. அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவளை அறுத்தது. பிறத்தியார் அடுப்பில் வியர்த்துவிட்டு, ஈரத் தலை விறைக்க ஜனவரிப் பனியில் வீட்டுக்கு நடந்து வரும்போது, தங்கள் சவுனா ஜன்னலில் விளக்கு எரிவதையும் உள்ளே புருஷன் ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டுவதையும் பார்த்துக்கொண்டே வருவாள்.

பதினோராவது வருஷம் ஏப்ரலில் பத்தாவது மோட்டார் வந்தது. பத்துக் குதிரைச் சக்தி, பச்சை நிறம், அவன் கல்யாணத்தை விடக் கொஞ்சம்தான் வயது கம்மி. காபி குடிக்க வந்திருந்த வில்பர்ட்டின் முன்னால் அதை அடுப்பங்கரை மேசைமேல் வைத்து, குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டினான்.

"இதான்டா மோட்டாரு. இத நான் எழுப்பிக் காட்டறேன் பாரு."

"ஒம்பது பொணம் இருக்கு. பத்தாவதா இது" என்றாள் லெம்பி.

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜூன் மாசம் நடுக்கோடைத் திருநாளுக்கு அக்கா வீட்டுக்குப் போகணும். ஏரிக்கு அந்தப் பக்கம். இந்த மோட்டாருல என்னைக் கூட்டிட்டுப் போ. துடுப்பத் தொடாம கொண்டு சேத்துட்டா, சாகற வரைக்கும் சவுனாங்கற பேச்ச எடுக்க மாட்டேன். துடுப்பத் தொட்டியோ, ஒரே வாரத்துல சவுனாவக் காலி பண்ணிக் குடுக்கற. வில்பர்ட், நீ கேட்டுக்கோ."

"கேட்டுக்கிட்டேன்" என்றான் வில்பர்ட், ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரெய்னோ சிரித்தான். கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நாள் காத்தான், அசையவில்லை. லெம்பி சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, இன்ஜின் உடம்பை அப்படியே அவளுடைய ரொட்டி அடுப்பில் வைத்துச் சூடாக்கி, மரக்கட்டையால் தட்டி எடுத்தான். அடுத்த மூன்று வாரம் நிசு ரொட்டியில் ஏலக்காயோடு மண்ணெண்ணெயும் மணத்தது. கார்புரேட்டரைக் காபிப் பாத்திரத்தில் வினிகர் ஊற்றி வேக வைத்தான். தீப்பொறி உண்டாக்குகிற பாயிண்டைத் தேய்க்க அவளுடைய நக அரம். இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கிற காஸ்கெட் வெட்ட ஓட்ஸ் டப்பா அட்டை, அதுவும் பாதி ஓட்ஸ் உள்ளே இருக்கும்போதே. காயில், ரிங், தண்ணீர் இறைக்கிற ரப்பர் சக்கரம் மூன்றும் தபாலில் வந்தன. ஒன்று சொல்ல வேண்டும்: அத்தனையையும் கழற்றி, துடைத்து, மீண்டும் பூட்டியதில் குற்றமில்லை. கழற்றிப் பூட்டத் தெரிந்தவன்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் தெரியாது.

மே மாதம் அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேர் கீழே ஓர் எண்ணெய்ப் பீப்பாயை வைத்து, மேல்மூடியை வெட்டி, தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் ஒரு பலகையைப் பூட்டி மோட்டாரை மாட்டினான். நாலாவது இழுப்பில் மோட்டார் உயிர் பெற்றது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கச்சேரி. மோட்டாரின் முகத்தில் இரண்டு குமிழ் இருக்கும். ஒன்று வேகத்துக்கான பெட்ரோல் ஊசி, இன்னொன்று மெதுவான ஓட்டத்துக்கானது. வலது பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடது பக்கம் திருப்பினால் கூடும். ரெய்னோ திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஊசியை வலது பக்கம் ஒரு மயிரிழை திருப்புவான். மோட்டார் கணீரென்று பாடும். இன்னும் ஒரு மயிரிழை. இன்னும் கணீர்.

"கேளு வில்பர்ட். தையல் மிஷின் மாதிரி ஓடுதா?"

"தையல் மிஷின்ல மீன் பிடிக்கப் போவியா?" என்றான் வில்பர்ட்.

லெம்பி ஜன்னலில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பெரிய ஏரியில் வலை போட்ட மனுஷன். பத்து வயதில் அவர் படகின் பின்பக்கம் உட்கார்ந்து, வலையும் மீனும் ஏறி படகு கனத்ததும், அவர் தலையாட்டுவதைப் பார்த்து ஊசியைத் திருப்பியவள் அவள்தான். பீப்பாய்த் தண்ணீர் வெறும் நுரை. விசிறி அதில் சும்மா சுற்றும். தள்ளுவதற்குப் படகும் இல்லை, ஆளும் இல்லை. சும்மா சுற்றுகிற மோட்டாருக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். சுமை தள்ளுகிற மோட்டாருக்குப் பசி அதிகம். இதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டாம், ஒரு நாள் மூட்டை தூக்கியிருந்தால் போதும்.

அவள் ஜன்னலைத் தூக்கினாள். "ரெய்னோ, ஏரில போட்டு, ஆள் ஏத்திக்கிட்டு ஊசியத் திருப்பு. பீப்பாய்ல பாடறது ஏரில இருமும்."

"உங்கப்பா மீன் பிடிச்சவரு. நான் மோட்டார் பாக்கறவன். காது இருக்கறவனுக்கு ஏரி எதுக்கு?"

அவள் ஜன்னலை இறக்கினாள். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுகிறவனை நிறுத்த முடியுமா? இவன் ஒரு குதிரை கூட இல்லை, பத்துக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் அவளுடைய நகப்பூச்சை எடுத்து, இரண்டு குமிழும் நின்ற இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்தான். இனிமேல் கடவுளே வந்தாலும் அந்தப் பொட்டைத் தாண்டித் திருப்பக் கூடாதாம்.

நடுக்கோடைத் திருநாளன்று வெயில் நன்றாக அடித்தது. லெம்பி மடியில் கேக் டப்பாவோடு படகில் உட்கார்ந்தாள். ரெய்னோ வெள்ளைச் சட்டை போட்டு, கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரையில் நின்ற வில்பர்ட்டைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். படகு கிளம்பியது. கோரைப்புல்லைத் தாண்டியதும் வேகத்தை முழுசாகத் திறந்தான்.

மோட்டார் தும்மியது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு கிழவன் இருமுகிற மாதிரி ஒரு இருமல். எப்படியோ தத்தித் தத்தி நடு ஏரிவரை வந்து நின்றது. இழுத்தான்; ஓடியது; திறந்தான்; தும்மி நின்றது. மெதுவாகவாவது போகலாமென்றால், மெதுவுக்கான ஊசியையும் அதே பீப்பாயில் வைத்துத்தானே இறுக்கியிருந்தான்? கியரைப் போட்ட உடனே உயிரை விட்டது. பிளக்கை மாற்றினான். குழாயை வாயில் வைத்து ஊதி, பெட்ரோலைக் குடித்துத் துப்பினான். பெட்ரோல் பங்கைத் திட்டினான், தபால்காரனைத் திட்டினான். சிவப்புப் பொட்டு வைத்த குமிழ்கள் மட்டும் அவன் கண்ணில் படவேயில்லை.

லெம்பி கண்ணில் பட்டன. கையை நீட்டினால் தொடுகிற தூரம். வேகத்துக்குக் கால் திருப்பு, மெதுவுக்கு அதில் பாதி. விரல் நுனிக்குத் தெரிந்த வேலை. திருப்பினால் மோட்டார் ஓடும். ஓடினால் துடுப்புத் தேவையில்லை. துடுப்பைத் தொடாவிட்டால் சவுனா போயிற்று, சாகும்வரை.

கேக் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். கருப்பு ஈக்கள் ரெய்னோவின் கழுத்தை ரத்தம் வரக் கடித்துக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை சிவந்திருந்தது. முட்டாள்தான், ஆனால் நாற்பது வருஷத்து முட்டாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. போனால் போகிறது சவுனா என்று வாயைத் திறந்தாள்.

"ரெய்னோ, அந்தக் குமிழ..."

"நீ பேசாத இரு. உனக்கு இது புரியாது."

லெம்பி வாயை மூடினாள். மூடினவள் கையையும் கட்டிக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து ரெய்னோ துடுப்பை எடுத்தான். இரண்டு மைல். துடுப்புப் போடுகிறவன் போகிற கரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அதனால் கரையில் அக்கா அவுனே வீட்டு விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து வந்து வரிசையாக நிற்பதை அவன் பார்க்கவில்லை. லெம்பி பார்த்தாள். சொல்லவில்லை. பேசாதே என்று சொல்லியிருந்தானே.

"ரெய்னோ, பத்துக் குதிரையும் எங்க, மேயப் போயிருக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏரித் தண்ணி இந்த வருஷம் கனமா இருக்கு" என்றான் ரெய்னோ.

அக்கா அவுனே தங்கையின் கேக் டப்பாவை வாங்கிக்கொண்டே, "தண்ணி கனமா? மண்டையில இருக்கற தண்ணியச் சொல்றாரா?" என்றாள்.

அதற்குமேல் அவனால் அங்கே உட்கார முடியவில்லை. திருநாள் தீ மூட்டுவதற்கு முன்னாலேயே, வெயில் இருக்கும்போதே கிளம்பலாம் என்றான். படகில் ஏறித் துடுப்பை எடுக்கப் போனவனை லெம்பி தடுத்தாள்.

"முன்னால போய் உக்காரு. நீ துடுப்புப் போட்டு நான் வீடு போய்ச் சேர விடிஞ்சிடும்."

அவள் பின்னால் உட்கார்ந்தாள். சிவப்புப் பொட்டைத் தாண்டி ஒரு குமிழை இடது பக்கம் கால் திருப்பு, இன்னொன்றை அதில் பாதி. கயிற்றை இழுத்தாள். மோட்டார் பிடித்தது, முழுசாகத் திறந்தாள், படகின் மூக்கு தூக்கிக்கொண்டு பாய்ந்தது. தும்மலில்லை, இருமலில்லை. கரையிலிருந்தவர்களின் சிரிப்பு தண்ணீர்மேல் வெகுதூரம் கூடவே வந்தது.

ரெய்னோ ரொம்ப நேரம் அந்தக் குமிழ்களையே பார்த்தான். "வரும்போதே தெரியுமா உனக்கு?"

"மே மாசமே தெரியும். ஜன்னலத் தெறந்து சொன்னேன். நடு ஏரிலயும் வாயத் தெறந்தேன்."

ரெய்னோவின் முகம் மலர்ந்தது. "அப்ப மோட்டார நான் நல்லாத்தான செஞ்சிருக்கேன். பாரு, எப்படி ஓடுது. பந்தயம் செல்லாது, லெம்பி."

"துடுப்பத் தொட்டியா?"

"தொட்டேன். ஆனா..."

"ஆனா எல்லாம் சவுனாவக் கழுவின பின்னால சொல்லு."

ஒரு வாரம் ஆயிற்று, பத்தையும் கராஜுக்குக் கொண்டுபோக. வில்பர்ட் சாட்சியாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தானே தவிர, ஒரு கை கொடுக்கவில்லை. லெம்பி பலகைகளைச் சோடாக்காரம் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். அப்படியும் சனிக்கிழமை முதல் வாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றியபோது, எழுந்த ஆவியில் பழைய எண்ணெய் வாசம் அடித்தது. பரவாயில்லை. சொந்த வீட்டு நாற்றம். அவள் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினாள். பதினோரு வருஷத்து வியர்வை ஒன்றாக இறங்கியது.

கீழ்ப் பலகையில் ரெய்னோ துண்டோடு உட்கார்ந்து, காதைச் சாய்த்து அடுப்பின் சத்தத்தைக் கேட்டான்.

"காத்து இழுக்கற சத்தம் சரியில்ல. புகைக்குழாய்த் தகட்டக் கொஞ்சம் மூடினா, சூடு இன்னும்..." என்று கையை நீட்டினான்.

லெம்பி கண்ணைத் திறக்கவில்லை. வியர்க்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளப் பக்கத்தில் நனைத்து வைத்திருந்த பூர்ச்ச மரக்கிளைக் கொத்தை எடுத்து, அந்தக் கைமேல் ஓங்கி ஒன்று போட்டாள்.