வாசல் வைக்க ஓர் ஆள்

போன வாரம் சில நாட்கள் என் வீட்டுக்கு வாசல் கிடையாது. வாசல் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு மேலே சுவர். சுவருக்கு முட்டுக் கொடுத்து இரண்டு சவுக்குக் கம்புகள். தெருவோடு போன ஆடு ஒன்று உள்ளே வந்து, எல்லா அறைகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போனது.

ஆட்டைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா விட்டுப்போன இந்த வீட்டைப் பற்றி இதே பக்கத்தில் முன்பும் புலம்பியிருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நான் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்த காலமெல்லாம் பூட்டியே கிடந்தது. ஓய்வு பெற்றேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகனும் மருமகளும் பெங்களூரில். பென்ஷனுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு ரிப்பேர் செய்து குடியேறிவிடுவது – இதுதான் திட்டம்.

கறையானுக்கு வேறு திட்டம். வாசலின் மர நிலையை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது. புதுத் தேக்கு நிலைக்கு விலை கேட்டேன்; கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். கடைசியில், இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கிற ராஜபாளையம் மரக்கடை ஒன்றில் பழைய தேக்கு நிலை கிடைத்தது. யார் வீட்டதோ. வெள்ளிக்கிழமைதோறும் பூசிய மஞ்சள், கால் பக்கத்தில் ஏடு ஏடாகப் படிந்திருந்தது. எத்தனை பேர் வந்து போன வாசலோ… இனி என் ஒருவனுக்கு.

கொத்தனார் முத்தையா. அவர் மனைவி பேச்சியம்மாதான் சித்தாள். சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரே மொபெட்டில் வருவார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

ஆரம்பத்திலேயே எனக்கும் முத்தையாவுக்கும் தகராறு. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசப் பார்த்தார். நிற்காது, பொருக்குத் தட்டி உதிரும் என்றேன். பூசினார். உதிர்ந்தது. அதற்குப் பிறகு என்மேல் அவருக்கு ஒரு மரியாதை… கொஞ்சம் எரிச்சல் கலந்தது.

ஆனால் நிலை விஷயத்தில் அவர் மசியவில்லை.

"வீட்டாளுக வரட்டும் சார். பொறவு வைப்போம்."

"நான் வீட்டாள் இல்லையா?"

"நீங்க இருக்கீக, சரி. மஞ்சத் தெளிச்சு, குங்குமம் வைக்க ஒரு பொம்பளையாளு வேணும்லா? மக, மருமக, யாராச்சும்."

"அதெல்லாம் இல்லாமல் வைத்தால் நிலை நிற்காதோ?"

"நிலை நிக்கும் சார். நான் நிக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பணியில் இருந்த நாளெல்லாம் நான் சொன்ன வசனம்தானே இது என்று இருவரிடமும் சொல்லிக் காட்டினேன். "உங்களைத் தெரிந்த இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டி வாருங்கள். பிறகு பார்க்கலாம்." எல்லோரும் எப்படியோ கூட்டி வந்துவிடுவார்கள். ஒரு சித்தப்பா, ஒரு பக்கத்து வீட்டுக்காரர்…

இப்போது என் முறை. இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் யார்? பால்காரருக்கு என் பாலின் அளவு தெரியும். வங்கிக்கு என் கையெழுத்து தெரியும். வேறு?

மகனைக் கூப்பிட்டேன். "சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்துடுறோம்ப்பா" என்றான். புதிதாக இரண்டு தலையணைகள் வாங்கினேன். பட்ஜெட்டில் இல்லாத செலவு. நிலை சுவரில் சாய்ந்து நிற்க, நானும் காத்திருந்தேன்.

வெள்ளி மாலை போன் வந்தது. "ஆபீஸ்ல திடீர்னு வேலைப்பா. வீடியோ கால்ல பார்க்குறோமே?"

"அதனாலென்ன… வேலைதான் முக்கியம்" என்றேன். எல்லா அப்பாக்களும் இதை ஒரே குரலில்தான் சொல்கிறோம். எங்கே பயிற்சி எடுக்கிறோம்?

சனிக்கிழமை காலை மேற்கே மலை தெரியவில்லை. அத்தனை மேகம். முத்தையா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு வச்சாகணும் சார். மழை எறங்குச்சுன்னா முட்டு தாங்காது. சுவரு உக்காந்துரும். மகன் எப்ப வாராக?"

"வரவில்லை."

பேச்சியம்மா தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தார். "ஊரு பூராத்தயும் சாட்சி கொண்டான்னு சொன்ன ஆபீசருக்கு, மஞ்சத் தெளிக்க ஒரு ஆளு இல்லையாக்கும்?"

"ஏட்டி, சும்மா கெட" என்றார் முத்தையா.

"நீரு சும்மா இரும்."

"நீங்களே தெளித்துவிடுங்களேன்" என்றேன்.

"அது எப்பிடி? நாங்க வேலைக்கு வந்து வெத்தல பாக்கு வாங்குற ஆளு. நீங்க குடுக்குற ஆளு. ரெண்டும் ஒண்ணாயிருமா?" பேச்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாருக்குக் கூடப்பொறந்தவ யாரும் உண்டுமா?"

"இல்லை."

"அப்ப இன்னைக்கு நாந்தான். அண்ணன் வீட்டு வாசலுக்குத் தங்கச்சி வைக்கலாம்லா? ஆனா சாருன்னு கூப்புட்டுக்கிட்டு வைக்க முடியாது. அண்ணேம்பேன். முறைக்கப்பிடாது."

"முறைக்க மாட்டேன்."

முத்தையா மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் சாருக்கு மச்சான்லா?"

"வாய் பேசாம கம்பப் பிடியும்!"

தத்து எடுக்கப் பத்திரம் உண்டு. பெயர் மாற்ற அரசிதழ் உண்டு. வாரிசு என்று சொல்லச் சான்றிதழ் உண்டு. தங்கையாவதற்கு? குழாயில் கை கால் கழுவி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். அவ்வளவுதான் நடைமுறை.

அடியில் நவதானியம் போட்டு நிலையை நிமிர்த்தினோம். யாரோ ஒருத்தி பூசிய பழைய மஞ்சளின் மேலேயே பேச்சியம்மா புது மஞ்சளைப் பூசினார். "அண்ணே, குங்குமத்தக் கொண்டாங்க." "அண்ணே, தேங்காய ஒடைங்க." "என்னண்ணே பாத்துக்கிட்டு நிக்கீக?"

செங்கல் அடுக்கின் மேல் நின்ற போனிலிருந்து மகன் கேட்டான். "யாருப்பா அந்த அம்மா?"

"உன் அத்தை."

"எனக்கு அத்தையே கிடையாதே!"

"நேற்று வரை கிடையாது."

அவன் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. நல்லதுதான்.

பேச்சியம்மா முதலில் உள்ளே போய், திரும்பி நின்று கூப்பிட்டார். "வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்கண்ணே."

சாவி என் கைக்கு வந்த நாளிலிருந்து, அந்த வீட்டுக்குள் நான் நுழையும்போது யாரும் 'வாங்க' என்று சொன்னதில்லை. யார் சொல்வது, ஆடா?

மதியம் மழை கொட்டியது. நிலை அசையவில்லை.

ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. நான் அந்த வாசல் வழியாகக் காரணமே இல்லாமல் வெளியே போனேன், உள்ளே வந்தேன். மறுபடியும் போனேன். 'என்ன தங்கச்சி, சாப்பிட்டாச்சா?' என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். சுவர்தான் கேட்டது. சுமாராக வந்தது.

திங்கள் காலை மொபெட் சத்தம். எழுந்து வாசலுக்குப் போனேன். நிலையில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது.

பேச்சியம்மா சட்டியை எடுத்துக்கொண்டே சொன்னார். "சார், மணல் பத்தாது. இன்னொரு லோடு சொல்லிருங்க."

"சரிம்மா" என்றேன்.

சனிக்கிழமை சொன்ன 'அண்ணே' பதிவு செய்யாத ஆவணம். அதை வைத்து உரிமை கோர முடியாது… எனக்குத் தெரியாத விதியா?