பரங்கிக்காய் போகாத பொங்கல்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். என்னைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று தோன்றும். என்னைச் சொன்னாலும் தப்பில்லை.

சமஸ்தானக் காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கறம்பக்குடிப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே வக்கீல் பரீட்சைக்குப் படித்தேன். எங்கள் வீடு இன்னொருவர் மனையில் இருந்தது. "கட்டிக்கிட்டு இருந்துக்கப்பா" என்று மனைக்காரரின் தகப்பனார் என் அப்பாவிடம் வாயால் சொன்ன இடம். அப்பா மண்சுவர் எழுப்பி ஓடு போட்டார், கிணறு வெட்டினார், அந்த வீட்டிலேயே செத்தும் போனார். வாடகை கிடையாது, எழுத்து கிடையாது. பொங்கலுக்கு முதல் நாள் ஆத்தா கொல்லையில் காய்த்ததில் பெரிய பரங்கிக்காயாகப் பார்த்து எடுத்துப்போய் மனைக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வருவாள். அவ்வளவுதான்.

ஒரு வக்கீலிடம் இரவல் வாங்கிய சட்டப் புத்தகத்தில் ஒரு விதியைப் படித்தேன். சொந்தக்காரனை ஒப்புக்கொள்ளாமல் பன்னிரண்டு வருஷம் ஒரு மனையை அனுபவித்தால் அது அனுபவித்தவனுக்கே ஆகிவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் இருபது வருஷமாக அல்லவா இருக்கிறோம்! குறுக்கே கிடந்தது அந்தப் பரங்கிக்காய் ஒன்றுதான்.

"இந்த வருசம் காய் குடுக்க வேணாம் ஆத்தா."

"அவுக மண்ணுல இருக்கோம். ஒரு காயக் குடுத்தாக் கொறஞ்சா போயிருவோம்?"

"குடுத்தா மனை அவுகளுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. ஒனக்குச் சட்டம் தெரியாது, சும்மா இரு."

அந்தப் பொங்கலுக்குக் காய் போகவில்லை. பொங்கல் கழிந்து நாலு நாளில் மனைக்காரர் ஆள் அனுப்பினார். "காய் வரலையே, எதுவும் மனத்தாங்கலான்னு கேட்டுட்டு வரச் சொன்னாக" என்றான் வந்தவன். நான் வாசலில் நின்று, "மனை எங்களுது. யாருக்கும் காய் குடுக்க வேண்டியதில்லைன்னு போய்ச் சொல்லு" என்றேன். என்ன திமிர்! மறு மாதம் நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே வழக்கும் வந்தது.

மனை எங்களுடையது என்றே கோர்ட்டிலும் எழுதிக்கொடுத்தேன். கூண்டில் ஏறுவதற்கு முன் ஆத்தாவிடம், காய் கொடுத்ததே இல்லை என்று சொல்லும்படி படித்துப் படித்துச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல், "பொங்கலுக்குப் பரங்கிக்காய் கொடுப்பீங்களாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஆத்தா என்னைப் பார்த்தாள். மனைக்காரரைப் பார்த்தாள்.

"குடுக்காம இருப்பமா? வருசம் தவறாமக் குடுத்தேன். இந்த வருசந்தான் எம் மகன் வேணாம்ன்னுட்டான்."

தோற்றோம். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், வக்கீல் வரும்வரை சும்மா புரட்டினேன். நான் படித்து நிறுத்திய இடத்திலிருந்து பத்துப் பக்கம் தள்ளி இருந்தது: சொந்தக்காரனின் சம்மதத்தோடு குடியேறி, தன் செலவில் நிலையாகக் கட்டியவனைக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஐயோ! அந்தச் சம்மதத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி பரங்கிக்காய்தானே. வக்கீலின் காலில் விழாத குறையாக, இனி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"மனை என்னுதுன்னு சத்தியம் பண்ணிட்டு, இப்பப் போயி அவுக சம்மதத்துல இருந்தேன்னு எப்படிங்க சொல்றது?" என்றார்.

சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று ஆத்தா கிணற்றில் ஒரு குடம் இறைத்துப் பரங்கிக் கொடிக்கு ஊற்றினாள். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஏப்பா, அம்புட்டுப் பெரிய புஸ்தகத்துல நமக்குன்னு ஒரு வழியுமா இல்ல?"

"இல்ல ஆத்தா" என்றேன்.

"விடு. நீ என்னப்பா பண்ணுவ" என்று சொல்லி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.