பஞ்சுவின் தாய்வீடு

பவுடர் வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் உங்களுக்கு எப்படி இருக்குமோ தெரியாது, எனக்குக் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்தான் நினைவுக்கு வரும். அங்கே சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, கண்ணாடி போன ஒரு டிரெஸ்ஸிங் டேபிளுக்குள், எங்கள் பூனை பஞ்சு கண் திறக்காத மூன்று குட்டிகளோடு மகாராணி மாதிரி படுத்திருப்பாள்.

"கண்ணாடி மேசை" என்போம் அதை. அம்மாவின் தம்பி, ரிஷிவந்தியத்து மாமா, ஒரு வெட்டுக் காலம் முழுக்கக் கரும்பு வெட்டிச் சேர்த்த கூலியில் அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கித் தந்த சீர். வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் தொட்டு அம்மா அதைத் துடைப்பாள். காலையில் அதன் முன் நின்று பொட்டு வைத்துக்கொள்ளும்போது, இன்னும் சற்று நேரத்தில் களை எடுக்கப் போகிறவள் மாதிரியே இருக்க மாட்டாள்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளுக்கு எங்கள் தெரு ஒரு சந்தை. திறந்திருந்த கதவு வழியே ஒருநாள் உள்ளே புகுந்த ஒன்று, கண்ணாடிக்குள் இன்னொரு குரங்கு தன்னை முறைப்பதைக் கண்டு பொறுக்காமல், பக்கத்திலிருந்த சொம்பைத் தூக்கி அதன் முகத்திலேயே போட்டது. எதிரி ஒழிந்த திருப்தியோடு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போயும்விட்டது.

"ஒடஞ்ச கண்ணாடி வூட்ல இருந்தா வெளங்காது" என்று சில்லுகளைப் பெயர்த்துக் குழிதோண்டிப் புதைத்த அப்பாவுக்கு, வெறும் மேசையையும் உள்ளே வைக்க மனமில்லை, விறகாக்கிவிடலாம் என்றார். "எங்க தம்பி குடுத்த சீரு அடுப்புல வேவுறதுக்கா வந்துது?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது. வைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. மேசை கொல்லைப்புறத்துக்குப் போனது. "உங்க மாமா வந்து கேட்டா இன்னாடி சொல்றது" என்று மட்டும் அம்மா அவ்வப்போது புலம்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சுவுக்கு வயிறு சரிந்தது. நாளெல்லாம் அம்மாவின் துணிப்பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பா கரும்பு லாரியில் லோடு ஏற்றுகிறவர். அவருக்குப் பூனை ஆகாதென்றில்லை, அக்கம்பக்கத்துச் சண்டைதான் ஆகாது. "பூன குட்டி போட்டா ஏழு வூடு மாத்தும். எவன் வூட்டுப் பரண்ல போய் வெச்சிக்கினு கீதுன்னு நான் தேடிக்கினு இருக்கணுமா? கோணியில கட்டி, அணைக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடறேன்" என்றார். நானும் அக்காவும் அழுத அழுகையில், கொல்லைப்புறத்திலேயே குட்டி போட்டு அங்கேயே அடங்கி இருந்தால் இருக்கட்டும், வீட்டுக்குள் போட்டால் கோணிதான் என்று இறங்கி வந்தார்.

கொல்லையில் இருந்தது கண்ணாடி மேசை ஒன்றுதான். அடி இழுப்பறையை உருவினோம். நடுப்பலகையை அம்மிக்குழவியால் தட்டிப் பெயர்த்தோம். மேசைக் கதவு கழன்று விழுந்த பக்கம் அப்பாவின் பழைய லுங்கியைத் திரையாகக் கட்டினோம். எறும்பு ஏறக்கூடாதென்று நாலு காலுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தது அக்காவின் யோசனை. பிள்ளை பிறக்கிற இடம் மணக்க வேண்டாமா என்று, தெருவில் எந்தக் குழந்தையைத் தூக்கினாலும் வாசனை அடிக்கிற அந்தப் பவுடரை உள்ளே டப்பாவோடு கவிழ்த்தது என் யோசனை.

பஞ்சு தலையை விட்டாள், அடுக்கடுக்காகத் தும்மினாள், நேரே துணிப்பெட்டிக்கு ஓடிவிட்டாள். அப்பா பரணிலிருந்து கோணியை எடுத்து உதறினார்.

"மூக்கால ஒலகத்தப் பாக்கற சீவனுக்கு பவுடர கொட்டினா வருமாடி?" என்றபடி அம்மா எழுந்து வந்தாள். ஈரத்துணியால் பவுடரைத் துடைத்தாள். பிறகு அடுப்படியிலிருந்து ஒரு கருவாட்டுத் தலையை எடுத்து, தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்துப் பார்த்துத் துடைத்த அந்த மரத்தில், மூலை முடுக்கெல்லாம் அவளே அழுத்தித் தேய்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் பஞ்சு உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள். விடிந்தபோது குட்டிகள் இருந்தன.

வேண்டாதபோது வருகிறவர்தானே விருந்தாளி. அன்றைக்கே முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனவருக்கு முன்னால் அம்மா ஓடி, மேசைமேல் ஒரு புடவையை விரித்து மூடினாள். புடவைக்குள்ளிருந்து "மியாவ்" என்றது. மாமா புடவையை விலக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத சட்டத்தையும், லுங்கித் திரையையும், உள்ளே பஞ்சுவையும் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தலப்பிரசவமாக்கா?" என்றார் மாமா.

"ம்" என்றாள் அம்மா.

"தலப்பிரசவம் தாய்வூட்லதான் பாக்கணும். நம்ம வூட்டு சீருக்குள்ள வந்து பெத்துக்கினுகீது, அப்ப இது ரிஷிவந்தியத்துப் பொண்ணுதான்" என்றவர், பஞ்சு அடங்கி இருக்குமோ என்று இன்னும் கோணியோடு நின்ற அப்பா பக்கம் திரும்பி, "மூணு மாசம் ஆவாம பச்ச ஒடம்புக்காரிய எங்கயும் அனுப்பற வழக்கம் நம்ம பக்கம் இல்லீங்க மாமா" என்றார்.

மச்சான் வாயால் வழக்கம் என்று வந்தபின் அப்பா என்ன செய்வார்? கையிலிருந்த கோணியை மடித்துக் குட்டிகளுக்கு மெத்தையாகத் திணித்தார். அம்மா சிரித்தாள், கூடவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மாமா கடைத்தெருவுக்குப் போய்ப் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டுமென்று பால்சுறாக் கருவாடு வாங்கி வந்தார். ஏழு வீடு மாற்றும் சாஸ்திரத்தைப் பஞ்சுவும் விடவில்லை. அடித்தட்டு, திரையோரம், மேல் இழுப்பறை என்று ஏழு வீட்டையும் அந்த மேசைக்குள்ளேயே மாற்றி முடித்தாள். மத்தியானங்களில் மேசைமேல் ஏறி, வெறும் சட்டத்துக்கு நடுவில், படம் மாட்டினாற்போல உட்கார்ந்திருப்பாள்.

என் தலைப்பிரசவத்துக்கு நான் வந்தபோதும் மாமா கருவாட்டுப் பொட்டலத்தோடுதான் வந்தார், "பஞ்சு, உங்க அக்கா, இப்ப நீ. இந்த வூட்ல இது மூணாவது" என்று.

கொல்லைப்புறம் இப்போது இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் போட்ட குளியலறை. மேசையைக் கரையான் தின்றுவிட்டது. கரும்புக் காட்டுப்பக்கம் போன பஞ்சு ஒருநாள் திரும்பவில்லை. என் மகள் வளர்க்கும் பூனைக்குக் கள்ளக்குறிச்சியில் மெத்தையோடு படுக்கையே விற்கிறார்கள்; அது படுப்பதென்னவோ படுக்கை வந்த அட்டைப்பெட்டியில்தான். கண்ணாடி மேசையில் மிஞ்சியது அந்த மரச்சட்டம் மட்டும். அம்மா அதை இன்னும் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமையானால் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறாள். போன மாதம், புதுக் கண்ணாடி ஒன்று போட்டுத் தருகிறேனே என்றேன்.

"வேணாம்டி" என்றாள். "பஞ்சு உக்காந்து பாத்துட்டேன். இனிமே அதுல என் மூஞ்சி எடுப்பா இருக்காது."