டர்பைன் குளத்தில் மச்சான்

டர்பைன் வால்வுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்ட முதல் நாளே பெக்டரியை நடத்தும் டீமேக்கர் சொல்லிவிட்டார்: “மேல ஏறிப் போயிப் பாரு. தண்ணியில ஒரு ஆளும் இல்லன்னு கண்ணால பார்த்துட்டு வந்துதான் தொறக்கணும்.”

வெயில் காலத்தில் ஓடையில் தண்ணீர் குறைவு. காலையில் மடையை அடைத்தால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் மேட்டுக் குளம் நிரம்பும். அது குழாய் வழியாக இறங்கிக் கீழே எங்கள் தேயிலை பெக்டரியின் டர்பைனைச் சுழற்றும். ஆக, குளிக்கச் சொல்லிக் குளம் கூப்பிடும் நேரமும் நான் வால்வைத் திறக்கும் நேரமும் ஒன்றுதான். குழாய் வாயில் கம்பித் தடுப்பு உண்டு. திறந்துவிட்டால், பக்கத்தில் நீந்துகிறவனைத் தண்ணீர் இழுத்து அதோடு ஒட்டவைத்துவிடும்.

குளத்துக்கு இருநூறு படி. என் தொப்பைக்கு அது நானூறு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். ஏறச் சோம்பல்பட்டு மூளையைப் பாவித்தேன். பெக்டரிச் சங்கை நீளமாக ஊதினேன். குளத்தில் யாராவது இருந்தால் பயந்து கரையேறுவார்கள் என்று நினைப்பு. ஐந்து நிமிடம் பொறுத்து வால்வைத் திறந்தேன்.

உண்மையில் நான் ஊதும்வரை குளத்தில் ஒருவரும் இல்லை. பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர்களுக்குச் சங்கு என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கத்தியைப் போட்டுவிட்டுக் குளத்தில் குதித்துவிட்டார்கள். காலியாக இருந்த குளத்தை நான்தான் ஊதி நிரப்பினேன்.

கொழுந்தெடுக்கும் ராக்காயி பாதிப் படியில் நின்று கத்தினாள். “அண்ணே, தண்ணிய நிறுத்துங்க. ஒங்க மச்சான் கால கம்பி இழுத்துக்கிருச்சு.”

மரியதாஸ். என் மனைவியின் ஒரே தம்பி.

வால்வை ஒரேயடியாக அடைக்க முடியாது. இறங்கிவரும் தண்ணீர் முட்டிக் குழாய் வெடித்துவிடும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். கையோ பறந்தது. டீமேக்கர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மெதுவா. கொழா போனா அவனும் போயிருவான்.”

“உசிரோட இருக்கானா?” என்று மேலே ராக்காயியைப் பார்த்துக் கேட்டேன்.

“தாடை வரைக்கும் தண்ணி. நாலு பேரு தலையப் புடிச்சிருக்காங்க.”

அரைச் சுற்று. நிறுத்தம். இன்னொரு அரைச் சுற்று. வீட்டில் அவளுக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் ஓடவில்லை.

அடைத்து முடித்து மேலே ஓடினேன். மரியதாஸ் கரையில் கிடந்தான். கெண்டைக்கால் தோல் கிழிந்திருந்தது.

“நல்லா ஊதுனீங்க மச்சான்” என்றான். “அடுத்த தடவ எனக்கு எழவு சொல்லவும் நீங்களே ஊதிருங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

குளிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அசையாமல் கிடக்கும் தண்ணீரை நம்பாதீர்கள், குழாய் வாய்ப் பக்கம் போகவே போகாதீர்கள். வால்வைப் பிடிக்கிறவர்களே, ஏறிப் போய்ப் பாருங்கள். ஓய்வு பெறும்வரை நான் ஏறினேன். வெறும் குளத்தைப் பார்த்துவிட்டு இறங்கி, பாதியில் சந்தேகம் வந்து மறுபடி ஏறிய நாட்களே அதிகம்.