சரிவு பார்க்கிற மீட்டர்

போன வாரம் ஜீப்பில் மலை ஏறப் போனேன். ஆமாம், இந்த வயதில்தான்! சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்... பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை.

பாறூக் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. கம்பளையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஒரு வருடமாக அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். உயரத்தைக் கூட்டினான். என் இடுப்பளவுக்கு டயர் போட்டான். கூரையில் மண்வெட்டி, பக்கத்தில் கம்பிக் கயிறு. டாஷ்போர்டில் புதிதாக ஒரு மீட்டர் வேறு. வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சரிகிறது என்று ஊசி காட்டுமாம். ஊசி சிவப்புக்குப் போனால்? கவிழ வேண்டியதுதான்.

"வா மச்சான், டெஸ்ட் பண்ணிப் பாப்பம். ரெண்டு ராவு மேல புல்லுவெளியில கேம்ப் அடிப்பம்" என்றான்.

வீட்டில் சொன்னேன். "திரும்பி வர்றப்ப மரக்கறி வாங்கிட்டு வாங்க" என்று அனுமதி கிடைத்தது.

நாவலப்பிட்டியைத் தாண்டித் தேயிலைத் தோட்ட ரோட்டில் ஏறினோம். ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கல், சேறு, நடுவில் ஓடை. ஜீப் எல்லாவற்றையும் தாண்டியது. நான் கும்பிட்ட தெய்வங்களின் பட்டியலைக் கேட்டிருந்தால் பாறூக்கே சிரித்திருப்பான்.

தோட்டத்தின் கடைசி டிவிஷனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். உட்காரக் கதிரை வந்தது. பிளேன்டீ வந்தது. இத்தனை மரியாதை எதற்கு? மலையக விருந்தோம்பல் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்... மடையன்!

செல்வமணி என்று ஒரு பெண். இடுப்பில் குழந்தை. "எதுக்கு சார் வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"டெஸ்ட் பண்ண வந்த, தங்கச்சி" என்றான் பாறூக்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செல்வமணி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த மீட்டரு?"

அவ்வளவு போதாதா நம்ம ஆளுக்கு? "இதா? சரிவு பாக்கிறது. கொஞ்சம் சரிஞ்சாலும் ஊசி காட்டிக் குடுக்கும்."

"இப்ப என்னங்க சொல்லுது?"

"பச்சையில ஈக்குது. ஒரு பயமும் இல்ல."

"இந்த எடத்துலயும் பயமில்லீங்களா?"

"இந்த எடமெல்லாம் ஒண்ணுமே இல்ல, தங்கச்சி!"

செல்வமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று நினைத்தேன். அவர் நின்றது வெளியில், அங்கே ஏது அடுப்பு? அப்போது யோசிக்கவில்லை.

மேலே புல்வெளியில் குளிர், மழை, சுட்ட சோளம். ஜீப் ஜோராக ஏறியது, இறங்கியது. கடைசி நாள் அதே வழியில் திரும்பினோம்.

டிவிஷனுக்குக் கீழே பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம். போகும்போது அதன் வாசலில் பாய், தலையணை, சட்டிபானை எல்லாம் குவிந்து கிடந்ததை மேலிருந்து பார்த்திருந்தேன். ஏதோ கல்யாண வீடு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் ஒன்றையும் காணோம்.

லயத்து வாசலைச் செல்வமணி கூட்டிக்கொண்டிருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"நீங்க சொன்னதும் எல்லாரும் காம்பராவுல இருந்து வீட்டுக்கு வந்துட்டோம் சார். பின்னால மலை வெடிச்சிருக்குல்ல, அதுக்குப் பயந்துதான் அங்க கெடந்தோம்."

லயத்தின் பின்பக்கம் போனோம். மலையில் நீளமாக வெடிப்பு. என் கை உள்ளே போகும். இரண்டு நாள் மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் சொன்ன சரிவு ஜீப்பின் சரிவு. அவர்கள் கேட்டது மண்சரிவு. ஒரே சொல்! அந்தச் சொல்லை நம்பி ஒரு லயமே பிள்ளைகுட்டியோடு மலைக்கடியில் வந்து படுத்திருக்கிறது.

பாறூக் செல்வமணியிடம் போனான். ஒருபடியாகச் சொன்னான். "நாங்க மண்சரிவு பாக்க வந்த ஆபீசர்மார் இல்ல, தங்கச்சி. அது ஜீப்புட சரிவு பாக்கிற மீட்டர். மலைய நாங்க பாக்கவே இல்ல. அல்லாவுக்காக இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க."

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை.

"அப்ப... அவங்க இன்னும் வரலீங்களா?" என்று மட்டும் கேட்டார் செல்வமணி.

உள்ளே போய்ப் பாயைச் சுருட்டத் தொடங்கினார். மற்ற வீடுகளிலும் சுருட்டினார்கள். பழக்கப்பட்ட வேலை போல, சத்தமில்லாமல். பாய்களையும் சட்டிபானைகளையும் ஜீப்பில் ஏற்றிக் காம்பரா வாசலில் இறக்கினோம். இனி எத்தனை மாதம் அங்கே கிடப்பார்கள்? மலை எத்தனை நாள் பொறுக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை. அழகாகப் பொய் சொல்லி இந்தப் பத்தியை முடிக்கவும் மனம் வரவில்லை.

"ரெண்டு ராத்திரி நல்லா தூங்குனோம் சார்" என்றார் செல்வமணி, எங்களுக்கு ஆறுதல் சொல்வதுபோல.

வாய் சும்மா இருக்காமல், "ஆபீசர்மாருக்கு அறிவிச்சீங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

"அறிவிக்காம இருப்பமா சார்? எத்தனையோ தடவ சொல்லியாச்சு. இந்த ரோட்டுல வண்டி ஏறாதுன்னுட்டாங்க."

எல்லோரும் திரும்பி ஜீப்பைப் பார்த்தார்கள்.

விளையாடப் போகிறவனுக்கு மட்டும் எந்த ரோட்டிலும் வண்டி ஏறுகிறது.