இரட்டை வேகத்தில் கோரா

கோரா ஹால்வர்சனின் வேலை நாவல் வாசிப்பது. ஆடியோ புத்தகம் போடும் நியூயார்க் கம்பெனி ஒன்று நாவல்களை அனுப்பும். ஏரிக்கரை ஊரான டுலூத்தில் தன் வீட்டுத் துணிமணி அறைக்குள், எதிரொலி வராதபடி, தொங்கும் குளிர்கோட்டுகளுக்கு நடுவே மைக்கை வைத்துக்கொண்டு அவள் அவற்றை வாசிப்பாள். ஏரியில் கப்பல் சங்கு ஊதினால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவாள். பதிவு அதே ஊரில் இருக்கும் என்னிடம் வரும். தும்மல், வயிற்று உறுமல், பக்கம் புரளும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்வது என் பிழைப்பு. "என் மூச்சு எங்க நிக்கும்னு லைலைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று கேலி செய்வாள். லைல் அவள் கணவன். வீடு வீடாகப் பார்சல் போடும் வேன் ஓட்டுகிறவன்.

"ஏம்பா வெண்டெல், இப்ப வர்ற நாவல்ல எவனாவது உக்காந்து காப்பி குடிக்கிறானா பாரு" என்றாள் என்னிடம் ஒருமுறை. "எல்லாம் நின்னுக்கிட்டே, போனைப் பாத்துக்கிட்டே. எல்லாரும் எங்கயோ ஓடுறாங்க. படிக்கிற எனக்கு மூச்சு வாங்குது."

"எழுதுறவங்களுக்கும் நேரமில்லையோ என்னவோ."

"எனக்கு மட்டும் கொட்டிக் கிடக்குதா?"

அதுவும் சரிதான். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். போதாக்குறைக்கு, வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், கேட்பவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள் என்று கம்பெனி சொல்லியனுப்பியது. அந்த இடைவெளிகளையும் நான்தான் வெட்டினேன்.

இலையுதிர்காலத்தில் தடித்த நாவல் ஒன்று வந்தது. அதில் சாகப்போகும் அப்பாவின் கட்டிலருகே ஒரு பெண் மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் வருகிறாள், போகிறாள், திரைச்சீலை அசைகிறது. அந்த அத்தியாயத்தில் வேறொன்றும் நடப்பதில்லை. கோரா அதை ஆசை ஆசையாக வாசித்தாள். அவளுடைய அப்பா உயிர் பிரிந்தபோது அவள் ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த அத்தியாயத்தில் மட்டும் நான் ஒரு மூச்சைக்கூடத் தொடவில்லை. எப்படியோ அது கம்பெனியின் கண்ணில் படாமல் தப்பிவிட்டது.

பனி விழத் தொடங்கிய ஒரு நாள், லைல் மறந்துவிட்டுப் போன கையுறைகளைக் கொடுக்க அவள் பெட்ரோல் பங்க் வரை போனாள். வேன் கதவைத் திறந்தாள். உள்ளே ஏதோ ஒரு குரல் அணில் மாதிரிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"யாரு இது?"

"நீதான்."

"நானா? பேய் புடிச்ச எலி மாதிரி இருக்கு!"

"ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சிருக்கேன், கோரா. இல்லன்னா எப்படி முடிக்கிறது? நீ அதுக்குள்ள அடுத்ததைப் படிச்சு முடிச்சிடுற."

அதற்குள் அவளுக்கு வார்த்தைகள் பிடிபட்டுவிட்டன. திரைச்சீலை, நர்ஸ். "அப்பா சாகுற எடத்தையுமா, லைல்?"

அடுத்த வீட்டுக்குத் தாமதம் என்று அவன் கையிலிருந்த பார்சல் கருவி கத்தியது. அவன் கண் தன்னையறியாமல் அதன் பக்கம் போனது. கோரா கையுறைகளை சீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"கட்டின புருஷனே நான் எப்படா முடிப்பேன்னு கேக்குறான், வெண்டெல்" என்று என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லைல் தானாகவே போனை அணைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தான். "போடு. உன் வேகத்துலயே போடு." நர்ஸ் முதல் தடவை உள்ளே வருவதற்குள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குறட்டை விட்டான்.

"எழுப்பித் திட்டலாம்னுதான் கிட்ட போனேன்" என்றாள் கோரா. "மூஞ்சியப் பாத்தேன். எப்ப இவ்வளவு கெழடு தட்டிச்சுன்னு தெரியல. நிதானமாப் பாத்து எத்தனை நாளாச்சு!" அத்தியாயம் ஓடி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

குளிர்காலத்தில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, வசந்தம் வரும்வரை வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். லைல் சூப் வைத்துக் கொடுத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே பேசினான். "உப்பு சரியா இருக்கா? இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்ட." அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள். ஆனால் வேலை நின்றதும் கிடைக்கும் என்று நினைத்த நேரம் மட்டும் கிடைக்கவில்லை. வாய் மூடியிருந்தாலும் நாட்கள் அதே ஓட்டம்தான் ஓடின.

அப்போதுதான் கம்பெனி அந்த யோசனையைச் சொன்னது. அவளுடைய பழைய பதிவுகளைக் கொண்டு அவள் குரலைப் போலவே ஒரு இயந்திரக் குரல் செய்யலாம். அவள் மதியச் சாப்பாடு சாப்பிட்டு முடிப்பதற்குள் அது ஒரு நாவலையே வாசித்துவிடும்.

"கையெழுத்துப் போடாதீங்க, கோரா" என்றேன்.

அவள் போனில் தட்டி என் முன் நீட்டினாள்: "களைப்பா இருக்கு, வெண்டெல்."

போட்டுவிட்டாள்.

வசந்தத்தில் குரல் திரும்பியது, சற்று மெலிந்து. வாசிக்கப் புத்தகம்தான் வரவில்லை. இயந்திரக் குரல் வாசித்து, அவள் பெயர் போட்ட நாவல்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவை என்னிடம் வரும்போது வெட்ட ஒன்றும் இருக்காது. தும்மல் இல்லை, வயிறு இல்லை.

கோடையில் மளிகைக் கடையில், முன்பு பக்கத்து வீட்டில் இருந்த இங்கா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அடியே கோரா! அந்த அக்கா தங்கச்சி கதை! கடைசியில படகுல ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களே, என்னமா படிச்சிருக்க! வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன்டி."

எந்தப் படகு, எந்தத் தங்கை என்று கோராவுக்குத் தெரியாது. "அப்படியா... சந்தோஷம், இங்கா" என்றாள். வாங்க வந்ததை அப்படியே விட்டுவிட்டு நேரே நூலகத்துக்குப் போய் அந்த நாவலை எடுத்துவந்தாள்.

அதைத்தான் இப்போது சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து படிக்கிறாள். யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், உதடு முந்திக்கொண்டு ஓடும், மனசு பின்தங்கிவிடும், பக்கத்தைத் திருப்பி மறுபடி படிப்பாள். போன வாரம் நான் போயிருந்தேன்.

"படகு வந்துச்சா?"

"எங்க! தங்கச்சி இப்பத்தான் வீட்டை விட்டே கிளம்பியிருக்கா." கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "பாதி பக்கத்துக்கு மேல முடியலப்பா. தூக்கம் வந்துடுது."

"நல்லா இருக்கா?"

"தெரியல. அவங்களப் புடிச்சிருக்கு."

என் காப்பிக் கோப்பையை நானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். புத்தகம் மடியில் விரிந்திருக்க, அவள் கண்கள் பாதி மூடியிருந்தன.