கண்டல்பட்டின மாநகர சபையின் முத்திரை

முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஒரு நகரத்துக்கு மேயராக இருக்கிறேன். சிரிக்க வேண்டாம். எனக்குப் போட்டியாக அந்தக் கதிரைக்கு யாரும் வந்ததில்லை, வர நான் விடவும் இல்லை. நகரத்தின் பெயர் கண்டல்பட்டினம். புத்தளம் களப்பின் நடுவில், கண்டல் மரங்களின் வேர்களுக்கு மேல் அது இருக்கிறது. நீர் ஏறினால் நகரமும் கூடவே ஏறும். நீர் வற்றினால் மெதுவாகச் சேற்றில் குந்திக்கொள்ளும். அங்கே பொதுமக்கள் என்று இருப்பது ஒரேயொருத்தி. அவள் என் தங்கச்சி.

நாங்கள் தொண்ணூறில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்த ஆட்கள். எனக்கு அப்போது எட்டு வயது, அவளுக்கு ஆறு. களப்போரத்து முகாமில் ஓலைக் கொட்டில் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் சீவியம் முழுக்க வரிசையில்தான். தண்ணீர் பவுசர் லொறிக்கு ஒரு வரிசை, நிவாரண அரிசிக்கு ஒரு வரிசை, மலசலகூடத்துக்கு விடியவே ஒரு வரிசை. கால் கடுத்து உம்மா ஒரு ஓரமாகக் குந்தினால் உடனே எவராவது வந்து "எழும்பு, எழும்பு, தள்ளி நில்லு" என்பார்கள். பெரிய மனுசிக்கு ஒரு மரியாதை கிடையாது. எனக்கு அப்படியே பத்திக்கொண்டு வரும். ஆனால் எட்டு வயதில் பத்திக்கொண்டு வந்து என்ன செய்ய? ஒரு நகரத்தைக் கட்டினேன்.

கண்டல்பட்டினத்தில் பொதுமக்கள் கதிரையில் இருப்பார்கள், அதிகாரிகள்தான் நிற்பார்கள். அதனால் அதிகாரிகள் எல்லோரும் கொக்குகள். அவற்றுக்கு நின்று பழக்கம், ஒற்றைக் காலிலும் நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு. குழாய் ஒரு நாள் வரண்டால் மேயரே வாளி தூக்கி வீடு வீடாக ஊற்ற வேண்டும் என்று சட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் கொளுக்கி போட்ட கதவோடு மலசலகூடம். வரி என்றால் மீன் தலை, அது பூனைகளுக்கு. முறைப்பாட்டுப் பெட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டை. எனக்கு மேயர் வேலை சுகமாகத்தான் போனது, இந்தத் தங்கச்சி மட்டும் இல்லையென்றால். அவள் முறைப்பாடு போட்டுப் போட்டே சிரட்டையை நிரப்பினாள். "மேயர் அவர்களே, பூனைகள் இரண்டு தரம் வரி வாங்குகின்றன." இப்போது அவள் மாம்புரியில் கல்யாணம் கட்டி, மூன்று பிள்ளைகளோடு மரக்கறித் தோட்டம் செய்கிறாள். முறைப்பாடு மட்டும் நிற்கவில்லை, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகிறது. நான் தையல் மெஷினில் இருந்தபடியே பதில் அனுப்புவேன். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. என்னைக் கட்டிய மாப்பிள்ளை இதைக் கேட்டும் கேளாதது மாதிரி வெளியே போய்விடுவார்.

சபை என்றால் முத்திரை வேண்டாமா? அறுந்த ரப்பர்ச் செருப்பின் அடியை பிளேடால் வெட்டி ஒரு கொக்கைச் செதுக்கினேன். வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தில் தோய்த்துக் குத்துவேன். அந்த முத்திரையோடு சான்றிதழ், அனுமதிப் பத்திரம், கட்டளை என்று எழுதித் தள்ளினேன். கடுதாசிக்குத்தான் பஞ்சம். ஒரு பக்கம் வெறுமையாக எது கிடைத்தாலும் அது சபையின் சொத்து. எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் இருந்தது. அந்தத் தகரம்தான் மாநகர சபைக் கட்டடம்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். முகாமுக்குப் பிறகு தில்லையடியில் அரச காணியில் ஒரு துண்டு எங்களுக்குக் காட்டப்பட்டது. வாப்பா அதில் பற்றை வெட்டி, கிணறு தோண்டி, கல்லு கல்லாக வீடு வைத்தார். உம்மாவும் நானும் என் குடும்பமும் இன்றைக்கும் அதில்தான் இருக்கிறோம். ஆனால் காணி எங்களுடையது என்று சொல்ல ஒரு எழுத்து கிடையாது. அந்தத் துண்டில் எங்களைக் குடியேற்றியதாக அப்போதைய கிராம சேவகர் முத்திரை குத்திக் கொடுத்த ஒரு கடிதம் இருந்தது. அது காணாமல் போய்விட்டது. வாப்பா வருஷக்கணக்காக அதைத் தேடினார். தேடும்போதெல்லாம் உம்மாவைத்தான் ஏசுவார். "ஒரு கடுதாசிய வச்சுக்கொள்ளத் தெரியாத பொம்புளை." உம்மா ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை. வாப்பா மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம். கடைசி மட்டும் அந்தக் கடிதத்தின் கவலை அவரை விடவில்லை.

உரிமை கேட்பவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் காணிக் கச்சேரி வந்தது. முதல் தரம் போனேன், கடிதம் கேட்டார்கள். இரண்டாம் தரம் போனேன், அதே கடிதத்தைக் கேட்டார்கள். மூன்றாம் தரம் அழைப்பு வந்தபோது, இதோடு பட்டியல் மூடப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. பட்டியலில் பெயர் வராவிட்டால் அந்தத் துண்டு வேறு ஆளுக்குப் போகலாம். எனக்கு ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பை தொங்கும். மன்னாரிலிருந்து வந்த வீடுகள் அநேகத்தில் இப்படி ஒரு பை உண்டு. பிறப்புச் சான்றிதழ், கல்யாண எழுத்து, கிளினிக் கொப்பி எல்லாம் அதற்குள். வெறுங்கையோடு வந்தவர்கள் இனி ஒரு தரம் அப்படிப் போகக் கூடாது என்று தொங்கவிட்ட பை அது. உம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, குர்ஆன் ஓதுவார். ஆனால் பைக்கு அவர்தான் பொறுப்பு. முத்திரை இருக்கும் எதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே வைத்துவிடுவார்.

கச்சேரிக்குப் போகிற அன்று காலையில் பையைக் கட்டிலில் கொட்டினேன். கண்டல்பட்டினத்தின் கடுதாசிகள் இரண்டு ஒரே உறைக்குள் முதுகோடு முதுகாகக் கிடந்தன. எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"உம்மா, இந்தக் குப்பைய ஏன் இதுக்குள்ள வச்சிரிக்கிறீங்க?"

"குப்பையா? அதுல சீல் இரிக்கு மகள்."

"அது செருப்புச் சீல் உம்மா! நான் குத்தினது!"

"சீல் உள்ளதக் கழிக்கக் கூடாது."

உறையைத் தூக்கித் தலையணைப் பக்கம் எறிந்துவிட்டு நான் அபாயா மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது பை கட்டி, உம்மாவின் மடியில் இருந்தது. அதைத் திரும்ப அவிழ்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை.

மண்டபத்தில் ஏகப்பட்ட சனம். எங்கள் முறை வந்தபோது உம்மாவும் நானும் மேசைக்கு முன்னால் போய் இருந்தோம். மேசைக்கு அங்கால் இருந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண், தமிழ் நன்றாகக் கதைப்பார், கொஞ்சம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். "அந்தக் கடிதம் கிடைச்சதா அம்மா?" என்று கேட்டார். இல்லை மிஸ், ஆனால் மற்றதெல்லாம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பையை அவசரமாகக் கவிழ்த்தேன். அந்த உறை வழுக்கிக்கொண்டு போய் நேரே அவர் கைக்குக் கீழே நின்றது.

அவர் எடுத்து, விரல் வைத்து வாசித்தார். "கண்டல்பட்டின... மாநகர சபை. வதிவிடச் சான்றிதழ். நிரந்தரக் குடியிருப்பாளர்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது எங்க உள்ள சபை?"

பின்னால் இருந்த கதிரைகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யா அல்லாஹ், நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. "அது வந்து மிஸ், நாங்க சின்னதுல விளையாடினது. அப்படி ஒரு ஊர் இல்ல."

"இல்லாத ஊர் கடிதம் ஏன் இங்க குடுக்கிறது? பொய்க் கடிதம் குடுத்தா விண்ணப்பமே போயிரும், தெரியுமா?"

"பொய்யில்ல மிஸ், விளையாட்டு." மவுத்தாகும் மட்டும் வாப்பா ஊற்றிய வேர்வையை ஒரு செருப்புத் துண்டால் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். உம்மாவைத் திரும்பி முறைத்தேன், பாவம், அதையும் சொல்லத்தான் வேணும். உம்மா அசையவில்லை. "சீல் இரிக்கு, பாருங்க நோனா" என்று அதிகாரியிடமே சொன்னார்.

அதிகாரி முத்திரையைக் கிட்டப் பார்க்கவோ என்னவோ, சான்றிதழை உறையிலிருந்து வெளியே இழுத்தார். கொக்கைப் பார்த்தார். பிறகு கடுதாசியைத் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். எனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை, ஊதா நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சத்தில் இப்பால் தெரிந்தது.

"அம்மா," என்றார், "நான் ரெண்டு தரமும் கேட்டது இந்தக் கடிதம்தானே."

என்னிடம் நீட்டினார். டைப் அடித்த எழுத்து. வாப்பாவின் பெயர், எங்கள் துண்டின் இலக்கம், கிராம சேவகரின் கையொப்பம், அதன் மேல் ஊதா முத்திரை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில், உம்மாவின் பையில் ஒரு பக்கம் வெறுமையாக ஒரு நல்ல தாள் இருந்தது. நான்தான் எடுத்தேன். மறுபக்கம் என்ன இருந்தது என்று பார்க்கிற வயதா அது? வாப்பா வீட்டைத் தலைகீழாக்கித் தேடிய காலம் முழுக்க அது பிஸ்கட் தகரத்துக்குள், மாநகர சபைக் கட்டடத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. என் கல்யாணத்தோடு வீட்டை ஒதுக்கியபோது உம்மா தகரத்தைத் திறந்து, முத்திரை இருந்ததையெல்லாம் பையில் சேர்த்திருக்கிறார். அதற்குள் வாப்பா தேடுவதை விட்டுவிட்டார்.

நான் அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன். வெட்கம் கிட்கம் ஒன்றும் இல்லை. அதிகாரி ஒரு கிளாஸ் தண்ணீர் எடுப்பித்துத் தந்துவிட்டு, பட்டியலில் எங்கள் பெயரை என் கண் முன்னால் எழுதினார். பிரதி எடுக்கப் போன உத்தியோகத்தர், எழுத்து இருந்தால் இரண்டு பக்கமும் எடுப்பதுதான் வழக்கம் என்று இரண்டு பக்கத்தையும் எடுத்துக் கோப்பில் குத்தினார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. தங்கச்சிக்குச் சொன்னபோது போனில் அழுகையும் சிரிப்புமாக ஒரே கூத்து. "ராத்தா, எங்கட சபைய அரசாங்கம் ஏத்துக்கிட்டது! நான் முறைப்பாடு ஒண்டு போடணும், மேயர் கடிதம் திருடினத்துக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் உம்மாவின் கையைப் பிடித்தேன். "உம்மா, அத எடுத்தது நான்தான். வாப்பா உங்கள ஏசினதெல்லாம் என்னால."

உம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் எங்கேயோ போட்டுட்டேன் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சேன் மகள். ஒவ்வொரு தொழுகையிலயும் மன்னிப்புக் கேட்டேன்." கொஞ்சம் கழித்து, "அல்ஹம்துலில்லாஹ். நான் துலைக்கல்ல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததே இல்லை. வீடு கிடைத்ததைவிட இதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

வீட்டில் உம்மா முன்பக்கத்துக் கதிரையில் சாய்ந்து காலை நீட்டினார். பையை நான் ஆணியில் மாட்டப் போனேன்.

"அந்தப் பக்கம் என்ன எழுதியிரிக்கு? நீ எழுதினது."

இத்தனை வருஷத்தில் எங்கள் நகரத்தைப் பற்றி உம்மா கேட்ட முதல் கேள்வி அது. நூற்றுக்கணக்கில் எழுதியதில் இது எது என்று எனக்கே தெரியாது. எடுத்து வாசித்தேன்.

"இதனால் சகலருக்கும் அறியத் தருவது. எங்கள் உம்மா இந்த நகரத்தின் நிரந்தரக் குடியிருப்பாளர். இவர் இருக்கும் கதிரையிலிருந்து இவரை யாரும் எழும்பச் சொல்லக் கூடாது. சொன்னால் மேயர் நேரில் வருவார்."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு கதிரையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப மேயர் போய்த் தேத்தண்ணி ஊத்தட்டும்" என்றார். "நான் எழும்ப மாட்டேன்."

நான் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.